நிலாவில் இறங்கப் போன சந்திரயான்-2-இன் விக்ரம் லேண்டரின் தொடர்பு அறுந்தபோது மக்கள் அவ்வளவு உணர்ச்சிவசப்பட்டது தேவைதானா?

அழுததில் ஒரு தப்பும் இல்லை. நானும் கண் கலங்கியவன்தான். அதற்கு அடுத்த இரண்டு வாரம் நாம் நடந்துகொண்ட விதம்தான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

2019 செப்டம்பர் 7, அதிகாலை. நாகர்கோவிலில் மாமா வீட்டு முன்னறையில் ஒன்பது பேர் இருந்தோம். தூங்கிய பிள்ளைகளையும் எழுப்பி உட்கார வைத்தாயிற்று. அப்போதைய இஸ்ரோ தலைவர் சிவனுக்குச் சொந்த ஊர் பக்கத்துச் சரக்கல்விளை. அதனால் எங்களுக்கு அது சொந்தக்காரர் வீட்டுக் காரியம் மாதிரி. அத்தை கட்டன்சாயா போட்டுக் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

1.38-க்கு, முப்பது கிலோமீட்டர் உயரத்திலிருந்து விக்ரம் இறங்கத் தொடங்கியது. திரையில் ஒரு சிவப்புக் கோடு, அதன்மேல் நகரும் பச்சைப் புள்ளி. எங்களில் யாருக்கும் அது முழுசாகப் புரியவில்லை. பெங்களூரில் இஸ்ரோ கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள் கைதட்டினால் நாங்களும் தட்டினோம். அப்புறம் அங்கே கைதட்டல் நின்றுபோனது. புள்ளி கோட்டைவிட்டு விலகி, அப்படியே நின்றது. கொஞ்ச நேரம் கழித்து சிவன் வந்து, 2.1 கிலோமீட்டர் உயரம் வரை எல்லாம் திட்டப்படி நடந்தது, அதன்பின் தொடர்பு போய்விட்டது, தகவல்களை ஆராய்கிறோம் என்றார்.

"பாவம் அந்த மனுசன்" என்றார் அத்தை.

மாமா அரசு பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். பேச்சிப்பாறை ரூட்டில் பல வருஷம். அவர் திரையையே பார்த்தபடி, "பிரேக்கு கூடிப் போச்சோ?" என்றார். யாரும் பதில் சொல்லவில்லை.

காலையில் பிரதமர் தோளில் சாய்ந்து சிவன் அழுத காட்சியை எத்தனை தடவை போட்டார்கள் என்று கணக்கே இல்லை. மதியத்துக்குள் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் நாற்பது ஃபார்வர்டு. நாடே உங்களோடு நிற்கிறது, அழாதீர்கள் ஐயா, இந்த வகை. சிவன் பெயரிலேயே போலி ட்விட்டர் கணக்குகள் முளைத்தன. அவருக்குச் சொந்தக் கணக்கே கிடையாது என்று இஸ்ரோ விளக்கம் கொடுக்க வேண்டியதாயிற்று. பாகிஸ்தான் அமைச்சர் ஒருவர் கிண்டலடிக்க, அவரைத் திட்டுவதில் இரண்டு நாள் போனது. அந்த மாதம்தான் நாடு முழுக்க போக்குவரத்து அபராத உயர்வு பற்றிப் பேச்சு. நாக்பூர் போலீஸ், "விக்ரம், தயவுசெய்து பதில் சொல்லு, சிக்னலை மீறியதற்கு அபராதம் போட மாட்டோம்" என்கிற மாதிரி ஒரு பதிவு போட்டது. உண்மையிலேயே சிரித்தேன். பிரயாக்ராஜில் ஒருவர் தேசியக் கொடியோடு யமுனைப் பாலத்துத் தூணில் ஏறி, தொடர்பு கிடைக்கும்வரை இறங்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். ஹாலிவுட் நடிகர் பிராட் பிட் விண்வெளி நிலையத்தில் இருந்த வீரரிடம், இந்திய லேண்டரைப் பார்த்தீர்களா என்று கேட்டார். இல்லை என்று பதில் வந்தது.

இவை எல்லாமே எனக்குப் பிடித்திருந்தன. இரவு இரண்டு மணி வரை கண்விழித்துப் பார்த்த ஜனங்கள் ஏதாவது ஒன்று செய்யத்தான் செய்வார்கள்.

பிடிக்காதது இது. மாமா அன்று குரூப்பில், "என்னத்துக்கு விழுந்துச்சுன்னு யாராவது சொல்லுங்க மக்கா" என்று எழுதினார். அவ்வளவுதான். துபாயில் இருக்கும் ஒரு தம்பி, விஞ்ஞானிகளைச் சந்தேகப்படுகிறீர்களா என்று பாய்ந்தான். இன்னொருத்தர், 95 சதவீதம் வெற்றி என்று இஸ்ரோவே சொல்லிவிட்டது என்றார். நிலாவைச் சுற்றிவரும் ஆர்பிட்டர் நன்றாகத்தான் இருந்தது. ஓராண்டுக்குத் திட்டமிட்டது ஏழாண்டு வரை ஓடும் என்றார்கள். சரி, ஆனால் மாமா கேட்டது ஆர்பிட்டரைப் பற்றி இல்லையே! விழுந்த வண்டி ஏன் விழுந்தது என்றுதான் கேட்டார். ஆறுதல் சொல்கிற அவசரத்தில் கேள்வி கேட்டவரைத் துரோகி ஆக்கிவிட்டோம். அவர் அதற்குமேல் ஒன்றும் எழுதவில்லை.

சென்னையில் வேலை பார்த்த பொறியாளர் சண்முக சுப்பிரமணியன் அந்த நேரத்தில் வேறொன்று செய்துகொண்டிருந்தார். நாசா வெளியிட்ட நிலாப் படங்களில் பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து, முன்பு இல்லாத ஒரு சின்ன வெள்ளைப் புள்ளியைத் தேடிப் பிடித்தார். டிசம்பர் தொடக்கத்தில், அது விக்ரமின் சிதறல்தான் என்று நாசா அவர் பெயரைச் சொல்லி உறுதிசெய்தது. எங்கள் ஆர்பிட்டர் ஏற்கெனவே கண்டுபிடித்துவிட்டது என்றார் சிவன். அதற்கும் குரூப்பில் சண்டை.

அதற்கு முன்பே, நவம்பரில், மக்களவையில் அரசு எழுத்துப்பூர்வமாகப் பதில் கொடுத்திருந்தது. முதல் கட்டத்தில் வேகம் விநாடிக்கு 1,683 மீட்டரிலிருந்து 146 மீட்டராகச் சரியாகக் குறைந்தது. அடுத்த கட்டத்தில் வேகம் திட்டமிட்டதைவிட அதிகமாகக் குறைந்ததால் லேண்டர், குறித்த இடத்திலிருந்து 500 மீட்டருக்குள் பலமாக மோதியது. மாமா அந்தச் செய்தியைக் குரூப்பில் போட்டார். ஒரே ஒரு கட்டைவிரல் விழுந்தது, என்னுடையது.

முழு விவரம் 2023-இல், சந்திரயான்-3 கிளம்பும் சமயத்தில், இஸ்ரோ தலைவராக இருந்த சோமநாத் சொன்னதில்தான் கிடைத்தது. வேகத்தைக் குறைக்கும் எஞ்சின்கள் எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் அதிக உந்துவிசை கொடுத்தன. பிழை சேர்ந்துகொண்டே போனது. இடம் பார்க்கப் படமெடுக்கும் கட்டத்தில் அசையாமல் இருக்க வேண்டியிருந்ததால் உடனே திருத்த முடியவில்லை. பிறகு வேகமாகத் திரும்ப வேண்டி வந்தபோது மென்பொருள் அவ்வளவு வேகத்துக்கு அனுமதிக்கவில்லை. இறங்க ஒதுக்கிய இடமோ வெறும் 500-க்கு 500 மீட்டர். அதை எட்டிப் பிடிக்க லேண்டர் வேகத்தைக் கூட்டியது. புதியதில் அந்த இடத்தை 4-க்கு 2.4 கிலோமீட்டராக ஆக்கினார்கள், கால்களைப் பலப்படுத்தினார்கள், எரிபொருளும் கூடுதல். "அப்போ பிரேக்கு கூடித்தான் போயிருக்கு" என்றார் மாமா போனில். நாலு வருஷம் மனசில் வைத்திருந்திருக்கிறார்.

2023 ஆகஸ்ட் 23 மாலை, சந்திரயான்-3 இறங்கும் நேரம், அதே முன்னறை. இந்த முறை திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர் என்று பேச்சு. மாமா யார் முகத்தையும் பார்க்கவில்லை, உயரம் காட்டும் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். "ரெண்டு தாண்டிட்டா?" என்று இரண்டு தடவை கேட்டார். "சும்மா இருங்க" என்றார் அத்தை. எண் இரண்டுக்குக் கீழே போனதும் துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தார். மற்ற எல்லோரும் கைதட்டியது 6.04-க்கு.