ஔவையாரைத் தேடினால் கிடைக்கவில்லை

வணக்கம் சார்,

சிறிய ஊர் ஒன்றில் கிளை நூலகராக இருக்கிறேன். வேலைக்கு வந்ததிலிருந்து அட்டைப் பட்டியலும் கையால் எழுதும் பதிவேடும்தான் எனக்குப் பழக்கம். ஓய்வுபெறச் சில வருடங்களே இருக்கும்போது எல்லாப் புத்தகங்களின் விவரங்களையும் கோஹா என்ற நூலக மென்பொருளில் ஏற்றச் சொல்லிவிட்டார்கள். அதற்கு ஒருநாள் பயிற்சி. ஒருவர் திரையைக் காட்டி வேகவேகமாகச் சொல்லிக்கொண்டே போனார், நாங்கள் எழுதிக்கொண்டோம். ஊருக்கு வந்து கணினி முன் உட்கார்ந்தால், நோட்டில் எழுதியதற்கும் திரையில் தெரிவதற்கும் சம்பந்தமே இல்லை.

போட்டித் தேர்வுக்குப் படிக்க வரும் ஒரு பெண்தான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாள். இப்போது மெதுவாக ஏற்றுகிறேன். போன வாரம் ஒரு பள்ளி மாணவன் ஔவையார் பாடல்கள் கேட்டான். தேடினால் ஒன்றும் இல்லை என்று வருகிறது. நானே ஏற்றிய புத்தகம், எதிர் அலமாரியில் இருக்கிறது! எழுந்துபோய் எடுத்துக் கொடுத்தேன். அந்தப் பெண், “ஏஐ-யிடம் கேட்டால் எல்லாம் வந்துவிடும் மேடம், இதை எதற்கு இவ்வளவு மெனக்கெட்டு ஏற்றுகிறீர்கள்?” என்கிறாள். வாசகர்கள் முன்னால் அவளிடம் சந்தேகம் கேட்கக் கூச்சமாகவும் இருக்கிறது. இந்த வயதில் இது எனக்கு வரவே வராதா?

கே.

அன்புள்ள கே.,

முதலில் ஔவையார். நீங்கள் ஏற்றிய பதிவைத் திறந்து, பெயரின் முதல் எழுத்துக்குப் பின்னால் கர்சரை வைத்து ஒரே ஒருமுறை பேக்ஸ்பேஸ் அழுத்துங்கள். எழுத்து முழுதாகப் போய்விட்டால் அது ‘ஔ’. பின்பாதி மட்டும் போய் ‘ஒ’ மிச்சமிருந்தால், அங்கே ‘ஒ’வும் ‘ள’வும் தனித்தனியாக அடிக்கப்பட்டிருக்கின்றன. பெரும்பாலும் இரண்டாவதாகத்தான் இருக்கும். (பார்த்தபின் சேமிக்காமல் வெளியே வந்துவிடுங்கள்.)

ஔவையார், ஒளவையார். பல எழுத்துருக்களில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. கணினியில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் தரும் யூனிகோடு முறையில் ‘ஔ’வுக்குத் தனி எண் இருக்கிறது, ‘ஒ’, ‘ள’ இரண்டும் வேறு எண்கள். கணினி எண்களைத்தான் ஒப்பிடும். ‘ஔ’வின் பின்பாதியை நம் கண் ‘ள’ என்றே படிப்பதால் விரலும் ‘ள’ விசைக்குப் போய்விடுகிறது. ஏற்றியவர் ஒரு மாதிரி அடித்து, தேடுகிறவர் வேறு மாதிரி அடித்தால் புத்தகம் காணாமல் போகும். அகரவரிசையிலும் அது ‘ஒளி’க்குப் பக்கத்தில் போய் நிற்கும். கௌரி, மௌனி, பௌத்தம், சௌராஷ்டிரம் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். ‘ஸ்ரீ’ இன்னொரு தொல்லை. அதையும் யூனிகோடில் இரண்டு விதமாக எழுத முடியும், பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். இணையத்தில் தமிழ் தேடும் எல்லோரும் இதில் மாட்டுகிறார்கள், பெரிய நூலகங்களின் பட்டியல்கள் உட்பட. உங்கள் வயதுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

போதாததற்கு ‘அவ்வையார்’ என்று அச்சிடும் பதிப்பகங்களும் உண்டு. அட்டைப் பட்டியல் காலத்தில் இதற்கு என்ன செய்தீர்கள்? ‘கிருஷ்ணமூர்த்தி, ரா. — பார்க்க: கல்கி’, ‘விருத்தாசலம், சொ. — பார்க்க: புதுமைப்பித்தன்’ என்று தனி அட்டை எழுதி வைத்திருப்பீர்கள். கோஹாவிலும் அதற்கு இடம் இருக்கிறது. ஆசிரியர் பெயருக்கென்று தனிப் பதிவு ஒன்று உருவாக்கலாம். நூலக விவரங்களைக் கணினியில் பதியும் மார்க் 21 முறையில் அந்தப் பதிவின் 100ஆம் புலத்தில் (விவரம் நிரப்பும் கட்டத்தில்) நாம் ஏற்றுக்கொண்ட வடிவம், 400ஆம் புலத்தில் மற்ற வடிவங்கள். இந்த மாற்று வடிவங்களையும் தேடலில் சேர்த்துக்கொள்ள ஓர் அமைப்பு உண்டு. அதை நிர்வாகி நிலையில் இருப்பவர்தான் இயக்க முடியும், கேட்டுப் பாருங்கள். அந்த ஒருநாள் பயிற்சியில் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். எந்தப் பெயருக்கு எத்தனை வடிவம் என்று அறிந்தவருக்குத்தானே அந்த 400ஆம் புலம் பயன்படும்? அது நீங்கள்தான்.

இனி பயிற்சி. இங்கே எனக்குக் கொஞ்சம் கோபமே இருக்கிறது. அமெரிக்காவில் வடக்கு கரோலைனா மாநிலத்தின் ஷார்லட் நகரப் பொது நூலகம் 2006இல் தன் ஊழியர்களுக்கு இணையக் கருவிகளைக் கற்றுக்கொடுக்க ஒரு திட்டம் போட்டது. வடிவமைத்தவர் ஹெலீன் புளோவர்ஸ். மொத்தம் 23 சின்ன வேலைகள், 9 வாரம். வலைப்பதிவு ஒன்று தொடங்கு, படங்களைப் பகிரும் ஃபிளிக்கரில் ஒரு படம் பார், புத்தகங்களைப் பட்டியலிடும் லைப்ரரிதிங் தளத்தில் சில புத்தகங்களைச் சேர், செய்தியோடை படி என்று இப்படி. வகுப்பு கிடையாது, கட்டாயம் கிடையாது. அவரவர் வேகத்தில் செய்துபார்த்து, என்ன ஆயிற்று என்று தன் வலைப்பதிவில் எழுத வேண்டும். தடுமாறியதையும் எழுதலாம். முடித்தவர்களுக்கு ஒரு எம்பி3 பிளேயர் பரிசு. பிறகு பல நாட்டு நூலகங்கள் அதை எடுத்துத் தமக்கேற்ப மாற்றிக்கொண்டன. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகர்கள் 2010இல் செய்தார்கள்.

அந்த 23இல் இருந்த கருவிகளில் பல இன்று உயிரோடு இல்லை. நாம் தேர்ந்தெடுத்த தளங்களில் மட்டும் தேட உதவிய ரோலியோ போயிற்று. வலைப்பதிவுகளைத் தேட உதவிய டெக்னோராட்டியும் அந்த வடிவில் இப்போது இல்லை. ஆனாலும் அன்று கற்றவர்களுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை என்றே நினைக்கிறேன். அறிமுகமில்லாத திரையைப் பார்த்ததும் எங்கே தட்டிப் பார்க்கலாம், எதைத் தட்டினால் திரும்பி வரலாம் என்ற தைரியம் அவர்களுக்கு வந்திருக்கும். உங்கள் பயிற்சியில் பொத்தான்களின் வரிசையைச் சொன்னார்கள், தட்டிப் பார்க்க நேரம் தரவில்லை. நீச்சலைக் கரும்பலகையில் எழுதிப்போட்ட மாதிரி. நோட்டும் திரையும் ஒத்துப்போகாததில் ஆச்சரியம் என்ன?

கோஹாவைப் பார்த்து மிரளவும் வேண்டாம். அது நியூசிலாந்தில் ஹோரோவெனுவா என்ற வட்டாரத்தின் சிற்றூர் நூலகங்களுக்காக எழுதப்பட்டது. அவர்களுடைய பழைய மென்பொருள் 2000ஆம் ஆண்டைத் தாண்டாது என்று தெரிந்ததும் புதிதாக ஒன்றை எழுதவைத்து, 2000 ஜனவரி 3 முதல் ஓடவிட்டார்கள். அப்புறம் எல்லோரும் இலவசமாக எடுத்துக்கொள்ளத் திறந்துவிட்டார்கள். இலவசம் என்பதால் உங்கள் மாவட்டத்தில் யாராவது பயிற்சிக்கென்றே இன்னொரு பிரதி நிறுவித் தரலாம், எதை அழித்தாலும் கேள்வி வராத பிரதி. அதையும், வாரத்தில் ஒரு மணி நேரம் கவுன்டர் வேலையிலிருந்து விடுதலையும் எழுத்தில் கேளுங்கள். பக்கத்து ஊர் கிளை நூலகர்களும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் நல்லது. தனியாகக் கேட்டால் ‘மேடத்துக்கு வரவில்லை’ என்று முடித்துவிடுவார்கள்.

ஏஐ பற்றி அந்தப் பெண் சொன்னது. ஔவையாரின் பாட்டு ஒன்றை அது சொல்லலாம், சமயத்தில் இல்லாத பாட்டையும் சொல்லும். உங்கள் அலமாரியில் அந்தப் புத்தகம் இருக்கிறதா, யார் எடுத்துப் போயிருக்கிறார், எப்போது திரும்பும் என்று அதற்கு எப்படித் தெரியும்? நீங்கள் ஏற்றினால்தான் தெரியும். எழுந்துபோய் எடுத்துக் கொடுத்தீர்களே, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்று நூலக அறிஞர் ரங்கநாதன் 1931இல் எழுதிய ஐந்து நூலக விதிகளில் நான்காவது அதுதான். ஆனால் நீங்கள் விடுப்பில் இருக்கும் நாளில் அந்தப் பையன் வந்தால்?

கூச்சத்துக்கு ஒரு யோசனை. அவளிடம் சந்தேகம் கேட்கும்போது பதிலுக்கு ஒரு வேலையும் கொடுங்கள். ஏற்றியவரையில் ‘ஒள’, ‘கெள’, ‘செள’, ‘மெள’ என்று தவறாக அடித்த பெயர்களை அவள் தேடி எடுக்கட்டும், எது சரியான வடிவம் என்று நீங்கள் சொல்லுங்கள். சில பெயர்களில் ‘ள’ நிஜமாகவே ‘ள’வாக இருக்கும், கெளுத்தி மீன் பற்றிய புத்தகத்தைத் திருத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.