அப்பளச் சத்தத்துக்கு நடுவே ஒரு குரல்

அன்புள்ள ஐயா,

அயர்லாந்துப் பாடகர் ஜான் மெக்கார்மக் பாடிய 'ஐ ஹியர் யூ காலிங் மீ' பாட்டைப் பற்றி உருகி எழுதியிருந்தீர்கள். தேடிப்பிடித்து 1908ஆம் ஆண்டுப் பதிவைக் கேட்டேன். அப்பளம் பொரிக்கும் சத்தத்துக்கு நடுவே யாரோ கிணற்றுக்குள்ளிருந்து பாடுவதுபோல இருந்தது. இரைச்சல் நீக்கிய பதிப்பும் கிடைத்தது. அதில் உயிரே இல்லை. பழையது என்பதாலேயே கொண்டாடுகிறோமா?

ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

அப்பளச் சத்தம் உண்மைதான். ஆனால் நீங்கள் தலைகீழாகத் தொடங்கிவிட்டீர்கள். இதே பாட்டை அவரே 1927இல் மைக் முன்னால் நின்று, எட்வின் ஷ்னைடரின் பியானோவோடு மறுபடி பாடியிருக்கிறார். முதலில் அதை நாலைந்து முறை கேளுங்கள். மெட்டு மனத்தில் படிந்த பிறகு 1910ஆம் ஆண்டு விக்டர் கம்பெனிப் பதிவுக்கு வாருங்கள். 1908 கடைசியில். தெரிந்த மெட்டைக் காது தானே தேடிப் பற்றிக்கொள்ளும். இரைச்சல் பின்னால் போய்விடும்.

பாட்டை ஏற்றிச் சொல்ல மாட்டேன். சார்லஸ் மார்ஷல் இசையமைத்தது. வீட்டுக் கூடத்தில் பியானோவைச் சுற்றி நின்று பாடுவதற்காக அந்தக் காலத்து லண்டனில் அச்சிட்டு விற்ற எத்தனையோ பாட்டுகளில் இதுவும் ஒன்று. காதலி இறந்துவிட்டாள், கல்லறையில் புல் முளைத்துவிட்டது, அவள் அழைப்பது மட்டும் இவனுக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறது. தாளில் படித்தால் கொட்டாவி வரும். இருபதுகளில் இருந்த ஓர் அயர்லாந்துக்காரர் கடைசி வரியில் செய்த காரியம்தான் அதை இன்றுவரை நிறுத்தியிருக்கிறது.

அந்த இடத்தை மட்டும் சொல்கிறேன். கடைசி முறை வரும்போது 'காலிங்' என்ற சொல் மேல்ஸ்தாயிக்கு ஏறுகிறது. வேறு டெனர் பாடகர் (ஆண்குரலில் மேல்ஸ்தாயி பாடுபவர்) என்றால் அங்கே முழங்கிக் கைத்தட்டல் வாங்கியிருப்பார். இவர் குரலை நூலாக இழைத்து அந்த உச்சியிலேயே நிறுத்துகிறார். மூச்சு ஆடவில்லை. கள்ளத்தொண்டையும் இல்லை என்றே என் காது சொல்கிறது. பாடுவது அவனா, இறந்தவளா என்று ஒரு கணம் குழம்பிவிடுகிறது.

இதைப் புனல் காலத்தில் செய்தார் என்பதுதான் விஷயம். ஒலிப்பதிவுக்கு மைக் வந்ததே 1925இல். அதுவரை பெரிய புனலுக்குள் பாட வேண்டும். குரலின் விசையே ஊசியை அசைத்து மெழுகில் கோடு கீற வேண்டும். உரத்த ஸ்வரத்துக்குப் பாடகர் பின்னால் நகர்வார், மெல்லியதற்குப் புனலை நெருங்குவார். மெல்லப் பாடினால் இசைத்தட்டின் சொந்த இரைச்சலே விழுங்கிவிடக்கூடும். தெரிந்தேதான் அந்தக் கடைசி ஸ்வரத்தை இரைச்சலின் விளிம்பில் வைத்தார். நீங்கள் கேட்ட சுத்தப் பதிப்பில் உயிர் போனதற்கும் இதுதான் காரணம்: மெலிந்த குரலின் நுனியும் மூச்சும் இரைச்சலும் ஒரே இடத்தில் ஒட்டிக் கிடக்கின்றன, ஒன்றை வழித்தால் மற்றதும் சேர்ந்து வந்துவிடும். வெடிப்புச் சத்தத்தை மட்டும் நீக்கிய பதிப்பாகப் பாருங்கள்.

வேகத்தையும் கவனியுங்கள். நிமிடத்துக்கு '78' சுற்று என்பது பெயருக்குத்தான். அன்றைய தட்டுகள் கம்பெனிக்கு ஒரு வேகத்தில் பதிவாயின. 78இல் சுழல வேண்டியதை 82இல் சுழற்றினால் ஏறத்தாழ அரை ஸ்வரம் ஏறிவிடும். ஆள் இளைத்துக் கீச்சிடுவார்.

அந்த இரைச்சலில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. தட்டு வார்க்கும் அரக்கு பெரும்பாலும் இந்தியாவிலிருந்துதான் போனது. எஃகு ஊசி தேய்ந்து பள்ளத்துக்குப் பொருந்துவதற்காக அதில் கல்பொடியைக் கலந்தார்கள். உங்கள் அப்பளம் அந்தக் கல்பொடி.

பழையது என்பதாலேயே கொண்டாடவில்லை. இதே மெக்கார்மக் அயர்லாந்துத் தாய்மார்களை நினைத்துக் கண்ணீர் விடும் பாட்டுகளை என்னால் முழுதாகக் கேட்க முடிவதில்லை. 1927 பதிவில் குரல் தடித்துவிட்டது, ஆனால் சொற்கள் அதில்தான் தெளிவு. எனக்கு 1910தான்.

ஹெட்போன் வேண்டாம். ஒலிபெருக்கியை அறையின் மறுகோடியில் வைத்து, இரவில் மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். திருச்சி வெக்கையில் கஷ்டம்தான். ஏறத்தாழ மூன்று நிமிடப் பாட்டு, தாங்கலாம்.