மீன் சாப்பாடு: அரைக் கிலோ பையா, சின்ன ரின்னா?

கேள்வி: மகள் ஆசைப்பட்டதால் தொட்டியில் பத்துக் கப்பியும் இரண்டு சின்னக் கோல்ட்பிஷும் வளர்க்கிறோம். கடையில் மீன் சாப்பாட்டை அரைக் கிலோ பொலித்தீன் பையில் கட்டி மலிவாகத் தருகிறார்கள். ரின்னில் வருவது 50 கிராம்தான், விலையோ கண்ணைக் கட்டுகிறது. எதை வாங்கலாம்? (கிளிநொச்சி வாசகர்)

பதில்: ரின்னையே வாங்குங்கள். ஒரு கணக்குப் பார்ப்போம். வளர்ந்த கப்பி ஒன்று பெரும்பாலும் ஒரு கிராம்கூட இராது. மீன் ஒரு நாளில் தன் எடையில் நூற்றுக்கு இரண்டு, மூன்று பங்குதான் தின்னும். கோல்ட்பிஷையும் சேர்த்து நாளுக்கு ஒரு கிராம் என்று தாராளமாகவே வைத்தாலும், அந்த அரைக் கிலோ 500 நாளுக்குக் கிடக்கும். ஒன்றரை வருசத்துக்குக் கிட்ட!

அத்தனை நாள் வன்னி வெக்கையில் அது தாங்காது. மீன் சாப்பாட்டில் மீன் எண்ணெய் இருக்கிறது. சூடும் காற்றும் பட்டால் எண்ணெய் காறிப்போகும், விற்றமின் சி அதற்கு முன்னமே போய்விடும். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே பை எத்தனை மாதம் தொங்கியது என்று கடைக்காரருக்கே நினைவிராது. திகதியும் பையில் இல்லை. மூக்கை நம்புங்கள்: நல்ல சாப்பாடு கருவாடு போல மணக்கும், கெட்டது பழைய பொரித்த எண்ணெய் போல நாறும். பூஞ்சணம் கண்டால் யோசிக்காமல் வீசுங்கள்.

ரின்னிலும் ஏமாறலாம். உள்ளடக்கப் பட்டியலில் எது கூடுதலோ அதுதான் முதலில் வரும். மீன் தூளோ இறால் தூளோ முதலில் இருந்தால் சரி. கோதுமை மாவு முதலில் நின்றால், நீங்கள் காசு கொடுப்பது மாவுக்கு. கப்பிக்குப் புரதம் நூற்றுக்கு 40 அளவில் இருப்பது நல்லது, கோல்ட்பிஷுக்கு 30 சொச்சம் போதும். படத்தில் மீன் எவ்வளவு சிவப்பு என்பதைப் பார்க்காதீர்கள்.

வீட்டில் ஒரு சோதனை: கிளாஸ் தண்ணீரில் ஒரு சிட்டிகை போட்டுப் பத்து நிமிடம் விடுங்கள். தண்ணீர் சிவந்தாலோ பால் போலக் கலங்கினாலோ, நாளை தொட்டியிலும் அதுதான் நடக்கும்.

கோல்ட்பிஷுக்கு இரைப்பை கிடையாது. ஒரேயடியாகக் கொட்டாமல் காலையும் மாலையும் இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு போடச் சொல்லுங்கள். மகள் பாசத்தில் அள்ளிப் போடுவா, அதுதான் எல்லா வீட்டிலும் நடப்பது.

கேள்வி: கோழித் தீவனம் மீனுக்குப் போடலாமா? (புதுக்குடியிருப்பு வாசகர்)

பதில்: வேண்டாம். அது பெரும்பாலும் சோளம், தண்ணீரில் விழுந்ததும் கரைந்து தொட்டியைக் கெடுக்கும். செலவைக் குறைக்க வேண்டுமென்றால் உங்கள் பக்கம் கூனி இறாலுக்குப் பஞ்சமில்லையே. உப்புப் போடாமல் காயவைத்ததாகக் கேட்டு வாங்கி, கழுவி, தூளாக்கி வாரத்தில் இரண்டு நாள் போடுங்கள். மற்ற நாள்களில் ரின் சாப்பாடுதான். நுளம்புப் புழுவையும் மீன் விரும்பித் தின்னும், ஆனால் அதற்கென்று வாளியில் தண்ணீர் தேக்கி வைக்காதீர்கள், டெங்கு வரும்.

கேள்வி: வாங்கி வந்த ரின்னில் காலாவதித் திகதிக்கு மேல் இன்னொரு ஸ்ரிக்கர் ஒட்டியிருக்கிறது. என்ன செய்வது? (வவுனியா வாசகர்)

பதில்: எனக்கும் இது நடந்தது. நகத்தால் சுரண்டினேன், கீழே போன வருசத்துத் திகதி! கடையின் பெயர் வேண்டாம். பற்றுச்சீட்டு இருந்ததால் முதலாளி முணுமுணுத்துக்கொண்டே காசைத் திருப்பித் தந்தார்.

நீங்களும் ஸ்ரிக்கரை முழுதாகக் கிழிக்காமல் படம் எடுங்கள், பிறகு ரின்னையும் சிட்டையையும் கொண்டு கடைக்குப் போங்கள். மாற்றித் தர மறுத்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். பொருளின் லேபிளை மாற்றுவதோ அழிப்பதோ 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம், அது மீன் சாப்பாட்டு ரின்னாக இருந்தாலும்தான். சிட்டை தராத கடையென்றால் அடுத்த முறை வாங்கும்போதே கேட்டு எழுதி வாங்குங்கள்.