பிலிப்பி சிறைச்சாலைக்காரன் வீட்டில கைக்குழந்தை இருந்ததோ?

கடிதம்:

அண்ணா, நான் திருகோணமலை உவர்மலை, பேர் போடவேண்டாம். நான் பெந்தகோஸ்தே சபையில வளர்ந்தனான், என்ர மனுசன் கத்தோலிக்கம். மகனுக்கு அஞ்சு மாசம். மரியாள் பேராலயத்தில ஞானஸ்நானம் குடுக்கோணும் எண்டு மாமி ஒற்றைக்கால்ல நிக்கிறா. பைபிள்ல குழந்தை ஞானஸ்நானமே இல்ல, பிள்ளையைக் கடவுளுக்கு ஒப்புக்குடுக்கிற பிரதிஷ்டை மட்டும் செய்வம் எண்டுறார் எங்கட பாஸ்டர். பிலிப்பிச் சிறைச்சாலைக்காரனும் வீட்டாரும் ஞானஸ்நானம் எடுத்த அப்போஸ்தலர் 16:33ஐ ரெண்டு பக்கமும் காட்டுது. மாற்கு 16:16இல விசுவாசிச்ச பிறகுதான் எண்டு தெளிவா இருக்குதானே? ஞானஸ்நானம் இல்லாமச் செத்தா பிள்ளை மோட்சம் போகாம லிம்போ எண்ட இடத்துக்குப் போயிடும் எண்டு மாமி பயப்பிடுறா. வேதம் தெரியாதவவுக்கு எப்பிடி விளங்கப்படுத்திறது?

பதில்:

தங்கச்சி, கொஞ்ச நாளா நானும் அந்த அப்போஸ்தலர் 16ஆம் அதிகாரத்தைத்தான் திருப்பித் திருப்பி வாசிச்சுக்கொண்டிருந்தன், அதாலதான் உடன எழுதுறன்.

லிம்போவை விடுங்கோ. அது ஒருநாளும் விசுவாசக் கோட்பாடா அறிவிக்கப்பட்டதில்ல, ஞானஸ்நானம் இல்லாமச் செத்த பிள்ளையளும் மீட்கப்படும் எண்டு நம்ப இடமிருக்கு எண்டு 2007இல வத்திக்கான்ர இறையியல் ஆணைக்குழுவே எழுதிட்டுது. மாமியிட்ட இதைச் சொல்லுங்கோ, நிம்மதியா நித்திரை கொள்ளுவா. மாற்கு 16:16ஐயும் பெரிசாப் பிடிச்சுக்கொண்டு நிக்காதேங்கோ, 9இல இருந்து 20 வரைக்கும் உள்ள வசனங்கள் நாலாம் நூற்றாண்டில கையால எழுதின சினாய், வத்திக்கான் எண்ட கிரேக்க பைபிள் பிரதியள் ரெண்டிலயும் இல்ல.

இப்ப சிறைச்சாலைக்காரனுக்கு வருவம். நடுச்சாமம், பூமியதிர்ச்சி, கதவெல்லாம் திறந்திட்டுது, தன்னையே வெட்டிக்கொள்ள வாளை உருவின மனுசன் அதே ராத்திரி சிறையில இருந்த பவுல், சீலா ரெண்டுபேரின்ர காயத்தையும் கழுவி, தானும் வீட்டார் எல்லாரும் ஞானஸ்நானம் எடுக்கினம். அந்த வீட்டில ஆரார் இருந்தவை? அப்போஸ்தலர் நடபடிகளை எழுதின லூக்கா சொல்லேல்ல. கத்தோலிக்கர், மெதடிஸ்ட், அங்கிலிக்கன் எல்லாரும், வீட்டார் எண்டா தொட்டில்ல கிடக்கிறதும் சேர்த்திதானே, இப்பிடி வீட்டோட ஞானஸ்நானம் எடுத்த லீதியாள் வீடு இருக்கு ஸ்தேவான் வீடு இருக்கு எண்டுவினம். உங்கட பாஸ்டர் முந்தின வசனத்தையும் பிந்தின வசனத்தையும் காட்டுவார், வீட்டில இருந்த எல்லாருக்கும் வசனம் சொன்னவை, வீட்டாரோட சேர்ந்து விசுவாசிச்சுச் சந்தோசப்பட்டவன், கைக்குழந்தைக்குப் பிரசங்கம் விளங்குமோ எண்டு கேப்பார். ரெண்டும் நியாயமான கேள்விதான். ஆனா ஆளாளுக்கு அந்த வீட்டுக்குள்ள பூந்து தங்கட ஆக்களை இருத்திப்போட்டு வெளிய வந்து, பாத்தியே வேதத்தில இருக்கு எண்டு கத்திறதைக் கேட்டா எனக்குப் பத்திக்கொண்டு வரும். லூக்கா வாய் திறக்காத இடத்தில நாங்கள் ஏன் இந்தக் கத்துக் கத்துறம்?

ஆதித் திருச்சபையிலயும் இது ஒரேமாதிரி இருக்கேல்ல. 200ஆம் ஆண்டளவில தெர்த்துல்லியன் எண்ட திருச்சபை எழுத்தாளர், சின்னப் பிள்ளையளுக்கு அவசரப்படாதேங்கோ எண்டு எழுதினவர், அப்ப ஆரோ குடுத்துக்கொண்டிருந்திருக்கினம் எண்டுதானே அர்த்தம். ஒரிஜன் எண்ட இன்னொரு வேத அறிஞர் அது அப்போஸ்தலரிட்ட இருந்து வந்த வழக்கம் எண்டவர். மோனிக்காவை விடப் பக்தியான தாய் ஆர், அவவின்ர மகன் புனித அகஸ்தீனுக்கே சின்னனில குடுக்கேல்ல, 387இலதான் மிலானில ஆயர் அம்புரோஸ் குடுத்தவர். பிறகு குழந்தைக்குக் குடுக்கோணும் எண்டு உறுதியா நிண்டதும் அதே அகஸ்தீன்தான். 1527 தை மாசம் சூரிச்சில ஃபீலிக்ஸ் மான்ட்ஸ் எண்டவரை, வளர்ந்தாக்களுக்குத் திரும்ப ஞானஸ்நானம் குடுத்ததுக்காக லிம்மாட் ஆத்தில தாட்டுச் சாக்காட்டினவங்கள். சாக்காட்டினது கத்தோலிக்கர் இல்ல, புரட்டஸ்தாந்து சீர்திருத்தக்காரர்!

எங்கட குடும்பம் மெதடிஸ்ட். சித்தப்பா வேலைக்குப் போன காலத்தில ஒரு சபையில சேர்ந்து, விடியக்காலமை உப்புவெளிக் கடல்ல முழுக்கு எடுத்தவர். தண்ணியால எழும்பேக்க அவர் அழுதது நடிப்பில்ல, நான் கரையில நிண்டனான். வீட்டை வந்தா அப்பப்பா ஒரு வசனமும் எடுக்கேல்ல. "அப்ப நான் உன்னைக் கையில ஏந்திக்கொண்டு போய்க் கடவுளிட்டச் சொன்னது ஒண்டுமில்லையோடா?" எண்டு மட்டும் கேட்டவர். சித்தப்பா அதுக்கு வசனம் சொன்னார். அதுக்குப் பிறகு கனகாலம் ரெண்டுபேரும் ஒரே மேசையில சாப்பிடேல்ல.

அதால "வேதம் தெரியாதவ" எண்ட சொல்லை வாசிக்கேக்க எனக்குக் கோவம் வந்தது, சொல்லிப்போட்டன். மாமியிட்டப் போய்க் கிரேக்கப் பிரதி காட்டப் போறீங்களே? பேரன் தங்கட ஆக்களோட சேர்ந்தவனோ இல்லையோ எண்டு அந்த மனுசி தவிக்குது. உங்கட தவிப்பும் எனக்கு விளங்குது பிள்ளை, அவன் வளர்ந்து தானா எடுக்கவேண்டிய முடிவை நாங்கள் பறிச்சுப்போடுவமோ எண்டு பயப்பிடுறீங்கள், அது நல்ல தாய்க்கு வாற பயம்தான்.

மாமி, பாஸ்டர், நீங்கள், இப்ப நான். இந்தக் கடிதத்தில உங்கட மனுசன்ர வாயால வந்த ஒரு சொல்லும் இல்லையே! கலியாணம் கோயில்ல நடந்திருந்தா, பிள்ளையளுக்குக் கத்தோலிக்க ஞானஸ்நானம் கிடைக்கத் தன்னால ஏலுமானதைச் செய்வன் எண்டு அவர் வாக்குக் குடுத்திருப்பார், உங்களுக்கும் அதைச் சொல்லியிருப்பினம். அந்த வாக்கை அவர் இப்ப என்னமாதிரி நினைக்கிறார் எண்டு கேட்டீங்களோ? இண்டைக்குப் பிள்ளை நித்திரையானாப் பிறகு கேளுங்கோ, என்ன சொன்னார் எண்டு எழுதுங்கோ.