கேள்வி எதுவரை போகும்?

அன்புள்ள ஐயா,

ஆறு மாதமாகக் கொரியன் படிக்கிறேன். ஆங்கிலத்தில் ‘என்ன’, ‘யார்’ எல்லாம் வாக்கியத்தின் தலைக்குப் போய்விடுகின்றன. கொரியனில் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. ‘அவன் என்ன வாங்கினான் என்று நினைக்கிறாய்’ போன்ற நீண்ட கேள்விகளுக்கு ஏதாவது சூத்திரம் உண்டா? தமிழும் கொரியனும் ஒரே தாய்க்குப் பிறந்தவை என்கிறார்களே, உண்மையா?

ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

தாய்க் கதையை விடுங்கள். ஜாடை வேறு, ரத்த உறவு வேறு.

சூத்திரம் கேட்டீர்கள் பாருங்கள், அதுதான் கோபம் வருகிறது. கல்லூரியில் நான் ‘வாட் டிட் ஹி விஸ்பர் தட் ஷி பாட்’, அதாவது ‘அவள் என்ன வாங்கினாள் என்று அவன் கிசுகிசுத்தான்’ என்று ஆங்கிலத்தில் எழுதி, சிவப்புக் கோடு வாங்கினேன். ‘திங்க்’ போட்டால் சரி, ‘விஸ்பர்’ போட்டால் ஏன் தப்பு? “அது அப்படித்தான்” என்றார் ஆசிரியர். இரண்டுக்கும் ஒரே வாக்கிய அமைப்புதானே என்று பல நாள் மருகினேன். நோமி எர்டெஷிக்-ஷிர் என்ற மொழியியலாளர் 1973-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் கொடுத்த ஆய்வேட்டில் இதற்குப் பதில் இருக்கிறது. ‘நினை’, ‘சொல்’ எல்லாம் லேசான வினைகள். கவனத்தை உள்ளே இருக்கும் செய்திக்கு விட்டுவிடும். ‘கிசுகிசு’ என்றால் மனம் அந்தக் கிசுகிசுப்பிலேயே நின்றுவிடுகிறது. கேள்வி அதைத் தாண்டி வரத் தடுமாறுகிறது.

கொரியனில் சொல் நகரவில்லை, அதனால் அங்கே வினையின் அர்த்தத்துக்கு வேலையில்லை என்று எண்ணிவிடாதீர்கள். தென்கொரியாவின் தென்கிழக்கே உள்ள பூசான் நகரத்துப் பக்கப் பேச்சைக் கேளுங்கள். ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்வி அங்கே ‘னா’ என்று முடியும். ‘யார்’, ‘என்ன’ கேள்வி ‘னோ’ என்று முடியும்.

‘நுகா வன்னுன்ஜி ஆனா?’ யார் வந்தது என்று தெரியுமா?

‘நுகா வத்தாகோ செங்காகானோ?’ யார் வந்ததாக நினைக்கிறாய்?

‘நுகா’ என்றால் யார். இரண்டிலும் அது உள்வாக்கியத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் ‘தெரியும்’ என்ற வினை ஒரு கேள்வியைத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். ‘நினை’க்கு அது முடியாது, வெளியே விட்டாக வேண்டும். கேள்வி வாசல்வரை வந்ததா என்பதைக் கடைசி உயிரொலி சொல்லிவிடுகிறது. நாமும் ‘யார் வந்தார்கள் என்று தெரியுமா’ என்கிறோம், ‘யார் வந்தார்கள் என்று நினைக்கிறாய்’ என்கிறோம். முதலாவதில் மட்டும் ஒரு ‘ஆ’. அதை உங்களுக்கு யார் சூத்திரம் போட்டுக் கற்றுக்கொடுத்தார்கள்?

சரி, நோட்டில் வினைகளை எழுதுங்கள். நினை, சொல், தெரியும், கேள். ஒவ்வொன்றையும் ‘நுகா’வோடு சேர்த்து வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பூசான்காரர் யாராவது கிடைத்தால், ‘னா’வா ‘னோ’வா என்று கேட்காமல் விடாதீர்கள். அவர் சொன்னதை எனக்கும் எழுதுங்கள்.