தானே உழுதுகொள்ளும் மண்

கேள்வி: மராட்டியத்தில் சோலாப்பூர் பக்கம் வேலைக்குப் போயிருந்தேன். கோடையில் வயல் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கிறது. நம்ம ஊர் செம்மண் ஏன் அப்படி வெடிப்பதில்லை?
– வாசகர், தக்கலை

பதில்: நீங்கள் பார்த்தது கரிசல். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான தக்காணத்துப் பசால்ட் பாறை சிதைந்து வந்த களிமண். அதிலுள்ள ஸ்மெக்டைட் என்ற களி தண்ணீர் குடித்தால் ஊதும், காய்ந்தால் சுருங்கும், அவ்வளவுதான். வெடிப்புக்குள் மேல்மண் உதிர்ந்து விழ, அடுத்த மழையில் அடிமண் உப்பி மேலே தள்ள, மண் தன்னைத்தானே உழுதுகொள்கிறது (கூலி மிச்சம்!). அதன்மேல் வீடு கட்டினால் சுவர் கீறல் விடும், அது வேறு தலைவலி. அப்புறம், கறுப்பாக இருக்கிறதே என்று மக்கு (மக்கிய இலைதழைச் சத்து) நிறைய இருப்பதாக நினைக்காதீர்கள், பெரும்பாலும் குறைவுதான். நம் பக்கம் பெய்கிற மழை சிலிக்காவையும் சுண்ணாம்பையும் கழுவிக்கொண்டு போக, மிஞ்சுவது பெரும்பாலும் கயோலினைட் என்ற வேறு வகைக் களி. அது அவ்வளவாக ஊதாது.