கடைசி வெள்ளிக்கிழமை சைக்கிள் கூட்டத்துக்குப் போகலாமா?

கேள்வி: லண்டனில் மாதக் கடைசி வெள்ளிக்கிழமை நடக்கும் 'கிரிட்டிகல் மாஸ்' சைக்கிள் கூட்டத்துக்கு வேலைத் தோழி கூப்பிடுகிறாள். காசு கிடையாதாம், பெயர் பதிவும் கிடையாதாம். ஊரில் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் போனதோடு சரி, வேகமாக ஓட்டவும் வராது. போலீஸ் பிடிக்கும் என்கிறார் கணவர். போகலாமா?
- வாசகி, ஈஸ்ட் ஹாம்

பதில்: தாராளமாகப் போங்கள்.

கணவரின் பயம் காரணமில்லாதது அல்ல. 2012 ஒலிம்பிக் தொடக்க நாளில் தேம்ஸ் நதிக்கு வடக்கே போகக் கூடாது என்று போலீஸ் நிபந்தனை போட்டது, மீறியதாக 180 பேருக்கு மேல் கைதானார்கள். ஆனால் அது அந்த ஒரு நாளின் கதை. 1994 முதல் மாதாமாதம் வழக்கமாக நடக்கும் ஊர்வலம் இது, போலீஸுக்கு முன்கூட்டியே அறிவிக்கத் தேவையில்லை என்று 2008-லேயே, அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பு சொல்லிவிட்டது. கலந்துகொள்வது குற்றமில்லை என்று அவரிடம் தைரியமாகச் சொல்லுங்கள்.

வேகத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம். கூட்டம் மெதுவாகத்தான் நகரும், பாட்டுப் பெட்டி கட்டியவர்கள், பிள்ளைகளைப் பின்னால் உட்காரவைத்தவர்கள் என்று எல்லோரும் வருவார்கள், பக்கத்தில் வருகிறவரோடு பேசிக்கொண்டே போகலாம். நீங்கள் நடுவில் இருங்கள். முன் சக்கரம் அடுத்தவரின் பின் சக்கரத்தோடு உரசாத இடைவெளி விடுங்கள், சட்டென்று பிரேக் பிடிக்காதீர்கள். கூட்டம் அறுந்துபோகாமல் இருக்கப் பக்கத் தெருக்களில் சிலர் கார்களை மறித்து நிற்பார்கள், அந்த வேலைக்கு நீங்கள் போக வேண்டாம், எந்த ஓட்டுநரோடும் வாய் கொடுக்கவும் வேண்டாம். முன்னால் போனவர்கள் சிவப்பு விளக்கைத் தாண்டிப் போயிருந்தாலும், கூட்டம் அறுந்து நீங்கள் தனியாக நின்றால் நின்றுவிடுங்கள், அதில் வெட்கமே இல்லை.

இப்போது சைக்கிள். மாலை 4 முதல் 7 மணி வரை, மடக்காத சைக்கிளை டியூப் எனும் சுரங்க ரயிலில் ஏற்ற விடமாட்டார்கள். அதனால் கூட்டம் கூடும் வாட்டர்லூ பக்கம் வாடகை சைக்கிள் எடுத்துக்கொள்வதுதான் சுலபம், விளக்கும் அதிலேயே இருக்கும். ஆனால் 30 நிமிடம் தாண்டினால் கூடுதல் காசு, இந்தச் சவாரியோ மணிக்கணக்கில் போகும். சொந்த சைக்கிள் என்றால் முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு, சிவப்பு ரிஃப்ளெக்டர் மூன்றும் இருட்டில் கட்டாயம். ஹெல்மெட் சட்டப்படி கட்டாயமில்லை, நான் போடச் சொல்வேன். கூட்டத்துக்குப் போகும் முன் ஒரு ஞாயிறு காலை, வண்டி அதிகமில்லாத தெருவில் ஓட்டிப் பாருங்கள். ஒற்றைக் கையில் பிடித்துத் திரும்பிப் பார்க்க வந்துவிட்டால் போதும்.

எந்த வழியாகப் போவது, எங்கே முடிப்பது என்பதெல்லாம் முன்னால் போகிறவர்கள் அந்த நேரத்தில் முடிவு செய்வதுதான், வீட்டுக்கு எதிர்த்திசையில்கூட இழுத்துக்கொண்டு போகலாம். களைத்தால் எந்த இடத்திலும் விலகிக்கொள்ளுங்கள், யாரிடமும் சொல்லவேண்டியதில்லை, தோழியிடம் மட்டும் சொல்லிவிடுங்கள். மாலை 6 மணிக்கு மேல் வாட்டர்லூ பாலத்தின் கீழே, சவுத் பேங்க் பக்கம் கூடுவார்கள். முடிந்தால் கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.